ஒத்தக் குலவை

ராமுத்தாய் குலவை போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம், சடங்கு, முளைப்பாரி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். ஓரமாக நிற்பாள். மற்றவர்கள் நாக்கைச் சுழற்றும்போது இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். காரணம் தெரிந்த சனங்கள் வற்புறுத்துவதும் இல்லை. அப்படிப்பட்டவள், எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், தலையைக்கூட நிமிர்த்தாமல் குலவை போட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். போடியிலிருந்து மலை உச்சி மெட்டுக்கு ஏறுகிற ரோட்டோரம், மலையடிவாரத்தில், கன்னையனுடைய பட்டறை. பட்டறையை ஒட்டி வீடு. வாசலில் ஒரு கார் வந்து பிரேக் போட்டது. பிரேக் கத்தியது. இருபது வருஷமாக ஜீப்புக்கும் லாரிக்கும் பிரேக் பார்க்கிற கன்னையனுக்குக் கத்தாத பிரேக்கைக் கண்டால்தான் ஆச்சரியம். ஆனால் இது அந்தக் கீச்சு இல்லை. மெல்லிசாக ஆரம்பித்து, நடுங்கி நடுங்கி மேலே ஏறி, உச்சியில் ஒரு வெட்டு வெட்டி நின்றது. அது நின்ற அடுத்த மூச்சில்தான் வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. கன்னையன் கையில் இருந்த ஸ்பேனர் நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. வலியே தெரியவில்லை அவனுக்கு.

முந்தானையில் கையைத் துடைத்தபடி ராமுத்தாய் வாசலுக்கு வந்து, யார் வீட்டு விசேஷம் என்று கேட்டாள். ரோட்டில் ஒரு பெண்பிள்ளையும் இல்லை. காரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது ஒருத்தி தனியாகக் குலவை போட்டால், காதில் விழுந்த இன்னொருத்தி பதில் போட்டுவிட வேண்டும். ஒத்தக் குலவையை அந்தரத்தில் விட்டால் போட்டவளுக்கும் ஆகாது, கேட்டவளுக்கும் ஆகாது. யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. பிள்ளை தும்மினால் நூறு என்று சொல்கிற மாதிரி, தானாக வாயில் வந்துவிடும்.

காரிலிருந்து இறங்கியவன் பால்பாண்டி. மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்து வாரிசு, முப்பது வயது, கார் பந்தயப் பித்து. மெட்ராசில் யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன சீமைக் காரை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். கரும்பச்சை நிறம், தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும், இருப்பதே இரண்டு சீட்டு. உட்கார்ந்தால் குண்டி ரோட்டில் உரசுமோ என்று பயம் வரும். எஞ்சின் மட்டும் இரண்டு லாரியின் உறுமல் உறுமும்.

"வண்டி பறக்குது கன்னையண்ணே. இந்தச் சத்தம்தான் தாங்கல. தோட்டத்துல காய் எடுக்கிற பொம்பளைக, கூடையக் கீழ வச்சுட்டுக் குலவை போடுறாளுக. போட்டுட்டு, அத்தனை பேரும் பள்ளத்தப் பாத்து நிக்கிறாளுக. கங்காணி போயி உலுக்குனாத்தான் திரும்புறாளுக."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கன்னையனும் மரியாதைக்குச் சிரித்தான். வெள்ளிக்கிழமை வண்டி பந்தயத்துக்கு மெட்ராசில் இருக்க வேண்டும், புதன் சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்கிறேன், வழக்கப்படி முதல் இறக்கத்துக்கு நீங்களும் கூட ஏறணும் என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே வந்த தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போனான். பிரேக் பார்த்தவன் முதல் இறக்கத்தில் அந்த வண்டியிலேயே உட்கார்ந்து வர வேண்டும் என்பது மலை வண்டிக்காரர்கள் மெக்கானிக்குகளுக்குப் போட்டுவைத்த சட்டம். உயிர்ப் பயம் இருந்தால் வேலை சுத்தமாக இருக்குமாம். நியாயம்தானே.

கன்னையன் அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றிவிட்டான். நம்ம ஊர் வண்டி மாதிரி உள்ளே டிரம் கிடையாது. பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க இரண்டு பேடு. மதுரையில் வேலை பழகின காலத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். பேடின் முகத்தில் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு ஏறியிருந்தது. அட, இவ்வளவுதானா என்று அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. உப்புத்தாள் போட்டு மினுமினுப்பைத் தேய்த்து எடுத்தான். விளிம்புகளை அரத்தால் சாய்வாக ராவினான். பேடின் முதுகுப் பக்கம் மட்டும் பார்த்துப் பார்த்துக் கிரீஸ் தடவினான், முகத்தில் ஒரு சொட்டு பட்டால்கூடப் பிரேக் பிடிக்காது. எல்லாவற்றையும் மாட்டி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிரேக்கை மிதித்தான்.

மெல்லிசாக ஆரம்பித்து, நடுங்கி நடுங்கி ஏறி, உச்சியில் வெட்டி நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து ராமுத்தாய் பதில் போட்டாள்.

மறுபடி கழற்றினான். பேடுக்குப் பின்னால் மெல்லிசான பித்தளைத் தகடு வெட்டி வைத்தான். மாட்டினான். மிதித்தான். கத்தியது. அவள் பதில் போட்டாள். மூன்றாவது தடவை அவன் மிதிப்பதற்கு முன்னால் வீட்டுப் பக்கம் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டான். சட்டி பானைச் சத்தம் எதுவும் இல்லை. அவள் கைவேலையை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கன்னையனுக்கு அந்தச் சத்தத்தை முன்னால் எங்கே கேட்டோம் என்று முதல் தடவையிலேயே தெரியும். தெரியாதது மாதிரி இரண்டு மணி நேரம் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

எழுபத்தாறு ஆவணி மாதம். சிலமலை ஊரிலிருந்து பதினாலு பெண்கள் மொக்கச்சாமியின் ஜீப்பில் மலைக்குக் கிளம்பினார்கள். மேலே ஒரு தோட்டத்தில் குடியிருந்த சொந்தக்காரப் பெண் பெரியவளாகியிருந்தாள், சடங்குக்குச் சீர்த்தட்டு எடுத்துப் போகிறார்கள். ராமுத்தாயின் தங்கை ஆயம்மாளும் அதில் இருந்தாள், சிலமலையில் கட்டிக்கொடுத்த பெண். ஜீப்பின் பிரேக் காது கிழியக் கத்துகிறது என்று மொக்கச்சாமி பட்டறையில் நிறுத்தினான். கன்னையன் குனிந்து பார்த்தான். லைனிங் தேய்ந்து போயிருந்தது. மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும். நல்ல நேரம் போய்விடும் என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். ஆயம்மாள் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து தலையை நீட்டி, "மச்சான், இந்த வண்டி எங்களுக்கு முன்னாடி குலவை போடுது. அது வாய மட்டும் அடைச்சு விடுங்க, மத்ததப் பெறகு பாப்போம்" என்றாள். ஜீப்பே சிரித்தது.

கன்னையன் எண்ணெய்க் குப்பியை எடுத்து, டிரம்மில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகச் சக்கரத்துக்கு நாலு சொட்டு விட்டான். சத்தம் நின்றுபோனது. எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது என்பது பட்டறை வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் அவன் மொக்கச்சாமியிடம், போகிறது ஏற்றம்தானே, ஏற்றத்துக்கு எதற்குப் பிரேக்கு, சாயந்திரம் வரும்போது நிறுத்து, புது லைனிங் போட்டுவிடுவோம் என்றான். சும்மா சத்தத்தை அடக்கியதெல்லாம் பிரேக் வேலையில் சேருமா என்று வண்டியில் கூடவும் ஏறவில்லை. சாயந்திரம் ஜீப் அவனிடம் வர வேண்டுமானால் முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும். அத்தனை வருஷம் பிரேக் பார்த்தவனுக்கு இந்த ஒரு விஷயம் அன்றைக்கு உறைக்கவில்லை. பெண்கள் குலவை போட்டுக்கொண்டே புறப்பட்டார்கள். ராமுத்தாய் வாசலில் நின்று பதில் போட்டு அனுப்பிவைத்தாள்.

இறங்கும்போது பதினோராவது வளைவில் ஜீப் போய்விட்டது. கீழ்வளைவில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் சொன்னார். குலவைச் சத்தம் மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டே இருந்ததாம். சடங்கு முடித்துச் சந்தோஷமாகப் போகிறார்கள் என்று அவர் நினைத்தாராம். ஜீப் பள்ளத்துக்குள் உருண்டு ஓய்ந்த பிறகும் ஒருத்தியின் குலவை மட்டும், ஒத்தையாக, கொஞ்ச நேரம் கேட்டதாம். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட முடியாமல் குலவை போட்டாளோ என்னவோ. பதிலுக்குப் போட அங்கே ஒரு பெண் இல்லை. பதினாலு பேரோடு மொக்கச்சாமியும் போய்ச் சேர்ந்துவிட்டதால் எண்ணெய் விஷயம் கன்னையனைத் தவிர யாருக்கும் தெரியாது. ராமுத்தாய்க்கும் தெரியாது.

திங்கட்கிழமை அந்தியில் காரைப் பட்டறைக்குள் தள்ளி, நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, தகரக் கதவைச் சாத்திப் பூட்டினான். விளக்கு வைக்கிற நேரம். மலையிலிருந்து ஏலக்காய் உலர்த்துகிற புகைமணம் இறங்கி, ஈர மண்வாசனையோடு கலந்து தெருவில் தேங்கி நின்றது. அவன் சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் வைத்திருப்பான், பூட்டிய கதவுக்குப் பின்னால், ஆளில்லாத காரில், மிதிக்காத பிரேக் கத்தியது. ராமுத்தாய் குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தலையைச் சாய்த்து, இடது கையை வாயோரம் குவித்து, பதில் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டாள்.

செவ்வாய் விடிவதற்குள் எத்தனை தடவை என்று அவன் எண்ணவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுமணி சுவரைத் தட்டி, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். காலையில் ராமுத்தாயின் குரல் கிழிந்து போயிருந்தது. உதட்டோரம் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. கன்னையன் அவளைக் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனான். அவர் தொண்டைக்கு ஊதா மருந்து தடவி, இரண்டு நாள் பேசக்கூடாது என்றார். அவள் பேசவில்லைதான். பதில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். நாக்கு வீங்கி வாய்க்குள் அடங்காமல் கிடந்தது, அப்படியும் ஆடியது. அவன் அவள் வாயைக் கையால் பொத்திப் பார்த்தான். உள்ளங்கைக்குள் நாக்கு இடமும் வலமும் அடிப்பது, பிடித்த மீன் துள்ளுகிற மாதிரி தெரிந்தது. கையை எடுத்துவிட்டு அழுதான்.

"ஏன்டி இப்பிடிச் செய்யுற? பேசாமத்தான் இரேன்."

அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியா என்கிற பார்வை. வீங்கிய நாக்கால் ஒவ்வொரு சொல்லாக உருட்டிச் சொன்னாள்.

"ஒருத்தி கூப்புடுறா. நான் பேசாம இருந்தா, அவ ஒத்தையாப் போயிருவால்ல."

செவ்வாய் முழுக்க அவன் அந்தக் காரோடு மல்லுக்கட்டினான். தட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினான். நட்டு நட்டாக இறுக்கினான். பேடுகளையே கழற்றித் தனியாக மேசையில் வைத்தான். தட்டும் பேடும் ஒன்றையொன்று தொடாமல் ஆறடி தள்ளிக் கிடந்தன. அப்போதும் கத்தியது. சத்தம் சக்கரத்திலிருந்து வரவில்லை. பட்டறையின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி, ஆனால் மிக அருகில், காதுமடலைத் தொட்டுவிடுகிற தூரத்தில். வண்டியை யார் தலையிலாவது கட்டித் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஜீப்காரர்களைக் கேட்டான். அந்தக் காரைத் தொட எவனும் வரவில்லை, நமக்கு எதுக்கண்ணே வம்பு என்று நழுவினார்கள்.

அன்று அந்தியில் அவன் அவள் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். இரண்டு வருஷம் வயிற்றில் கட்டியாகக் கிடந்ததை, ஜீப்பை, சொட்டு எண்ணெயை, போகிறது ஏற்றம்தானே என்று சொன்னதை, எல்லாவற்றையும். "ஒந்தங்கச்சியக் கொன்னது நான்தான்டி" என்று அவன் சொன்ன அதே நொடியில் பட்டறைக்குள் கத்தியது. ராமுத்தாய் அவன் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி பதில் போட்டாள். அவன் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று கடைசி வரை அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவை சொல்ல அவனுக்குத் தைரியமும் வரவில்லை.

புதன்கிழமை பகல் அவள் தண்ணீர்கூட இறங்காமல் பாயில் கிடந்தாள். விலா எலும்பு ஏறி இறங்கியது. இன்னும் ஒரு ராத்திரி தாங்க மாட்டாள் என்று பொன்னுமணி வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். கன்னையன் பட்டறைக்குள் போனான். பேடுகளை மறுபடி மாட்டினான். எண்ணெய்க் குப்பியை எடுத்தான். அன்றைக்கு ஜீப்புக்கு விட்டு, இரண்டு வருஷமாக மச்சில் ஒளித்து வைத்திருந்த குப்பி அல்ல, வேறு குப்பி, இருந்தாலும் கை கூசியது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்? முறைப்படி செய்கிற வேலை அத்தனையும் செய்து பார்த்தாயிற்று. அந்த மலையில் அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை அடக்கியது எது என்று அவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தட்டிலும் நாலு சொட்டு விட்டுச் சக்கரத்தைச் சுற்றினான்.

சத்தம் நின்றுவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்தான். ஒரு மணி நேரம். வீட்டுக்குள் பாய் அசைகிற ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தான். ராமுத்தாய் எழுந்து உட்கார்ந்திருந்தாள். என்ன இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சாடையில் கேட்டாள். அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, மூன்று நாளைக்குப் பிறகு தூங்கினாள். அவளை முதலில் பிழைக்க வைப்போம், பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று கன்னையன் நினைத்தான். பால்பாண்டியிடம் ஏதாவது பொய் சொல்லி இரண்டு நாள் தவணை கேட்கலாம்.

பால்பாண்டி சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டான். சாவி வண்டியிலேயே இருந்தது. கன்னையன் வெளியே வருவதற்குள் எஞ்சினைப் போட்டு, வாசலில் பத்தடி ஓட்டிப் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டான். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. தட்டையான இடத்தில் எந்தப் பிரேக்கும் நிற்கும். "கைராசிக்காரர்ணே நீங்க" என்று இறங்கி வந்து தோளைத் தட்டினான். மழை மேகம் மலையில் உட்கார்ந்திருக்கிறது, வெரசா ஏறுங்கள், மேலே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு முதல் இறக்கத்தை முடித்துவிடுவோம் என்றான். கன்னையன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பொன்னுமணியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு ஏறினான்.

சொன்னால், பால்பாண்டி இந்த இடத்திலேயே எண்ணெயைத் துடைக்கச் சொல்வான். துடைத்தால் சத்தம் திரும்பும். சத்தம் திரும்பினால் அவள். சொல்லாவிட்டால் இந்தப் பையன். ஏறும்போதெல்லாம் கன்னையன் மனதுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மேலே போனதும் ஒரு துணியும் கொஞ்சம் பெட்ரோலும் வாங்கி, பாதி துடைத்து, பாதி விட்டு, எப்படியாவது இரண்டையும் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு கிறுக்குத்தனமான யோசனை. போகிறது ஏற்றம்தானே என்று வாய் தானாக முணுமுணுத்தது. முணுமுணுத்தது அவனுக்கே கேட்டதும் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பதினோராவது வளைவில் புதிதாகக் கட்டி வெள்ளையடித்த தடுப்புச்சுவர் மூட்டத்துக்குள் வந்து போனது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலை விட்டு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்கள் காரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாத்தீங்களாண்ணே, ஒருத்தியும் வாயத் தொறக்கல என்று பால்பாண்டிக்கு ஒரே சந்தோஷம்.

மேலே பால்பாண்டிக்குப் பழக்கமானவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேச்சு நீண்டது. கன்னையன் துணியும் பெட்ரோலும் கேட்டான், எல்லாம் சுத்தமாகத்தானே இருக்கிறது, எதுக்கண்ணே இப்ப என்று பால்பாண்டி சிரித்து ஒதுக்கிவிட்டான். மொதலாளி, ஒரு நிமிசம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தான். இரண்டு தடவையும், பாயில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிய அவள் முதுகு கண்ணில் வந்து நின்றது. 

இறங்க ஆரம்பித்தபோது ஆறு மணி. மூட்டம் ரோட்டில் வெள்ளைச் சுவராக நின்றது. விளக்கு வெளிச்சம் அதில் பத்தடி துளைத்து, அதற்கு மேல் போக முடியாமல் திரும்பி முகத்திலேயே அடித்தது. பாறையிலிருந்து நீர் சொட்டுகிற ஓசை, ஈரத் தழையின் பச்சை வாசனை, எங்கேயோ ஆழத்தில் ஓடை. பதினேழாவது வளைவு. பால்பாண்டி பந்தயக்காரன், வளைவின் வாய் வரைக்கும் வேகமாகப் போய்க் கடைசி நிமிஷத்தில் பிரேக் போடுகிற ஆள். போட்டான். பிடித்தது. பதினாறு. பிடித்தது. பதினைந்தில் ஒரு வாசனை வந்தது. கன்னையனுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. சூடேறிய இரும்பில் எண்ணெய் கருகுகிற வாசனை.

பதினாலாவது வளைவில் கார் திரும்பாமல் ரோட்டின் வெளிவிளிம்பு வரைக்கும் வழுக்கியது. சக்கரத்துக்கு அடியில் சரளை உதிர்ந்து பள்ளத்தில் விழுந்தது. விழுந்த ஓசை திரும்பி வரவில்லை.

"என்னண்ணே இது? மிதி உள்ள போகுது, வண்டி நிக்கல."

இனி மறைக்க என்ன இருக்கிறது. எண்ணெய் விட்டது நான்தான், கியரைக் குறைங்க, வண்டிய மலைப்பக்கம் உரசுங்க என்று சொல்லக் கன்னையன் வாயைத் திறந்தான்.

நாக்கு இடமும் வலமும் அடித்தது.

மெல்லிசாக ஆரம்பித்தது. நடுங்கி நடுங்கி ஏறியது. உச்சியில் வெட்டி நின்றது. ஆம்பிள்ளை எவனும் விளையாட்டுக்குக்கூடப் போடாத குலவை, அவன் தொண்டையிலிருந்து, பெண்குரலில். பால்பாண்டி ரோட்டை மறந்து திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். பயந்துபோனான். கன்னையன் இரண்டு கையாலும் வாயை அமுக்கினான். உள்ளங்கைக்குள் மீன் துள்ளியது.

கீழேயிருந்து பதில் வந்தது.

கிழிந்த குரல். மூன்று நாளாகக் கேட்ட குரல். அவள் போடியில், பாயில், பொன்னுமணிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும். அங்கே போட்டால் இங்கே கேட்காது. இது பக்கத்தில் கேட்கிறது.

பதிமூணு. கார் பாறையில் உரசித் தகரம் கிழிந்தது, நிற்கவில்லை. பால்பாண்டி கியரைக் குறைக்கப் பார்த்தான். கியரின் பல் உறுமியது, விழவில்லை. ஐயா சாமி என்று அவன் அழுதது கேட்டது. கன்னையன் உதட்டைப் பல்லால் கடித்து மூடினான். பல் இடுக்கு வழியாகவே குலவை வந்தது.

பதில். இன்னும் பக்கத்தில்.

பன்னிரண்டு.

போடாதே. போடாதே. அவள் பதில் போட்டுவிடுவாள். நீ கூப்பிட்டால் அவள் வருவாள். நாக்கு கேட்கவில்லை. போட்டது.

பதில். அடுத்த வளைவில்.

விளக்கு வெளிச்சம் திரும்பியது. மூட்டம் விலகியது. பதினோராவது வளைவின் வெள்ளைத் தடுப்புச்சுவர். அதற்கு முன்னால், நட்டநடு ரோட்டில், ராமுத்தாய். தூங்கும்போது கட்டியிருந்த அதே சேலை. வெறுங்கால். இடது கை வாயோரம் குவிந்திருந்தது. உதட்டிலிருந்து தாடை வரைக்கும் ரத்தம் வழிந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு, சீர் கொண்டு வருகிறவர்களை வாசலில் நின்று எதிர்பார்க்கிறவளின் சிரிப்பு.

விலகு என்று சொல்லத்தான் கன்னையன் வாயைத் திறந்தான். குலவைதான் வந்தது.

அவள் நின்ற இடத்தை விட்டு அசையாமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடி, நிதானமாகப் பதில் போட ஆரம்பித்தாள். பால்பாண்டி பிரேக்கின் மேல் இரண்டு காலையும் ஊன்றி எழுந்தே நின்றான். பிரேக்கில் ஒரு சத்தமும் இல்லை.